பின்னுக்குப் போகாத பியட்

ஆரணி கார் ஸ்டாண்டில் இப்போது வண்டி ஓட்டும் தம்பிகளுக்கு இதை எழுதுகிறேன். போன வாரம் அந்தப் பக்கம் டீ குடிக்க வந்தபோது உங்களில் ஒருவர் வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். வண்டி குய் குய் என்று கத்தியது. முன்னால் ஒரு சின்னத் திரையில் பின்னால் இருப்பதெல்லாம் தெரிந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோடுகள் வேறு. இத்தனை வசதியையும் வைத்துக்கொண்டு தம்பி டீக்கடை பெஞ்சை இடித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான். டீ வேட்டியில் கொட்டியது. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. இன்னொரு டீ சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

தம்பி இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, "கேமரா இல்லாத காலத்துல நீங்கள்லாம் எப்டி பெரியவரே ரிவர்ஸ் எடுத்தீங்க?" என்றார். கழுத்தைத் திருப்பித்தான் எடுத்தோம். கழுத்து என்று ஒன்று எதற்கு இருக்கிறது. ஆனால் என் தொழிலில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது ரிவர்ஸ் எடுத்ததால் வந்தது இல்லை. எடுக்காமல் விட்டதால் வந்தது. அதைச் சொல்ல ஒரு டீ போதாது. அதனால்தான் பேனா எடுத்தேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஓட்டியது பியட், ஆயிரத்து நூறு என்பார்கள். போர் முடிந்து நாடு பாதி இடிந்து கிடந்தபோது இத்தாலிக்காரர்கள் நடுத்தரக் குடும்பத்துக்காக யோசித்துச் செய்த வண்டி. பாகங்களைப் பம்பாயில் பூட்டி இந்தியாவெங்கும் அனுப்பினார்கள். பின்னாளில் வந்த மாடல்களைப் பம்பாய் டாக்சியாக நீங்கள் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். என்னுடையது அவற்றுக்கெல்லாம் அண்ணன். எங்கள் முதலாளி ஒரு பட்டு வியாபாரி. மெட்ராஸில் ஒரு டாக்டரிடம் வாங்கி, கொஞ்ச காலம் சொந்தத்துக்கு வைத்திருந்து, எழுபதுகளின் தொடக்கத்தில் வாடகைக்கு விட்டார். வண்டியோடு சேர்த்து என்னையும் விட்டார்.

அந்த வண்டியில் உங்களுக்குத் தெரியாத சங்கதிகள் சில உண்டு. முன்கதவு திறக்கும் திசையே வேறு. முன்கதவு, பின்கதவு இரண்டுக்கும் கீல் நடுத்தூணில்தான். அதனால் முன்கதவு இந்தக் கால வண்டிக்கு நேர் எதிராகத் திறக்கும். ஓடும்போது தாழ் விட்டுப்போனால் காற்று கதவைப் பிய்த்துக்கொண்டு போகும் என்பது உண்மைதான். ஆனால் மடிப்பு கலையாமல் பட்டுப்புடவையோடு ஏறி இறங்க அதைப்போல வசதியான கதவை நான் பார்த்ததில்லை. பட்டு ஊருக்கு இதைவிட என்ன வேண்டும். இரண்டாவது, கியர் ஸ்டீரிங்கை ஒட்டியே இருக்கும். முன்சீட் ஒரே நீள பெஞ்சு. நடுவில் தடுப்பு கிடையாது. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், எங்கள் ஊர்க் கணக்கில் ஐந்து பேர்.

மூன்றாவதுதான் யாருக்கும் தெரியாதது. அந்த வண்டிக்கு அடியில் சேஸி என்று தனியாகச் சட்டம் கிடையாது. உடம்பேதான் சட்டம். அதனால் எடை குறைவு. இஞ்சின் முழுக்க முன்னால் இருப்பதால், டிக்கியைக் காலி செய்துவிட்டால் பின்பக்கம் அநியாயத்துக்கு லேசு. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஸ்டாண்டில் என்னிடம் செய்த ஒரு குறும்பில் கற்றுக்கொண்டேன்.

ஸ்டாண்டில் அப்போது ஒரு மூத்த டிரைவர் இருந்தார். அம்பாசடர்காரர். பேரைச் சொல்ல மாட்டேன். அவருடைய பேரன் உங்களோடுதான் ஓட்டுகிறான், சொன்னால் அவனைப் பிடிக்க முடியாது. நான் வண்டியைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தது அவருக்குக் கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். ஒருநாள் ஓட்டலில் டிபன் சாப்பிட்டுவிட்டு வருகிறேன், என் பியட் இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவில் குறுக்காக நிற்கிறது. மூக்கு ஒரு மரத்தில், வால் இன்னொரு மரத்தில். எந்த டிரைவராலும் அப்படி நிறுத்த முடியாது, நிறுத்தினாலும் எடுக்க முடியாது. ஸ்டாண்டே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பீடி பிடித்தது.

"எடுத்துகினு போப்பா, சவாரி வந்து நின்னுகினு கீது" என்றார் அவர்.

நான் கத்தவில்லை. வண்டியைச் சுற்றிப் பார்த்தேன். ஸ்டெப்னி கீழே கிடந்தது. டிக்கியில் இருந்த சாமானெல்லாம் மரத்தடியில். பின் பம்பரில் கைரேகைகள். எப்படிச் செய்தார்கள் என்று புரிந்துபோனது. நான் பம்பரைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவரே சிரித்தார்.

"தலக்கனம் உனுக்கு மட்டும்தான்னு நெனச்சுகினு இருந்தேன். உன் வண்டிக்கும் அப்டித்தான்பா. வாலுல ஒண்ணுமே இல்ல."

பிறகு அவர்களே தூக்கித் திருப்பி வைத்தார்கள். யாராவது உங்களை ஏமாற்றினால் கோபத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் தம்பிகளே. எப்படி ஏமாற்றினார்கள் என்று முதலில் பார்த்துவையுங்கள். பின்னால் உதவும். எனக்கு உதவியது ஒரு கல்யாணத்தில்.

ஆரணியில் ஒரு வீட்டில் கல்யாணம். பெண் பெரணமல்லூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா கூலிக்கு நெசவு செய்பவர். பெண் அழைப்புக்கு என் வண்டியைப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டின் சார்பில் பெண்ணை அழைத்து வர ஒரே ஒரு அம்மாள் வந்தார். ஆனால் பின்சீட்டில் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டார். மாப்பிள்ளையுடைய அப்பாவுக்கு அக்கா. அந்த வீட்டில் எல்லோருக்கும் அத்தை. நெற்றியில் பெரிய குங்குமம், மடியில் தட்டு, தட்டில் தேங்காய். நானும் அத்தையம்மா என்றே கூப்பிட்டேன்.

இருட்டோடு இருட்டாகப் புறப்பட்டோம். பெரணமல்லூர் போகும் வரை அத்தையம்மா எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். "டிரைவரு, பள்ளம்." "டிரைவரு, மாடு." அந்தச் சாலையில் இருந்த மாடுகள் அத்தனையையும் எனக்கு அறிமுகம் செய்துவைத்தார். எல்லா மாட்டையும் எனக்கு முன்பே தெரியும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. பின்சீட்டில் இருப்பவர் சொல்வதற்கெல்லாம் "சரிங்கம்மா" என்று சொல்வதும் டிரைவர் உத்தியோகத்தில் சேர்த்திதான்.

பெண் வீட்டு வாசலில் மேளம் நின்றதும் பெண்ணை ஏற்றினார்கள். பேர் மல்லிகா. ஒல்லியான பெண். அழவில்லை, சிரிக்கவும் இல்லை. டிக்கியில் பித்தளைச் சாமான்களும் குத்துவிளக்கும் ஒரு துணிக்கூடையும் ஏறின. மற்றவர்கள் பின்னால் டிராக்டரில் வருவதாக ஏற்பாடு. நான் டிக்கியை மூடும்போது பெண்ணின் அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"டிரைவருங்க, கோச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்லிடறேன். மொத சம்பந்தம் வண்டியாலதான் நின்னுபோச்சு. பேசி முடிக்க வந்தவங்க மாட்டுவண்டி எங்க ஊரு எல்லையில அச்சு முறிஞ்சிடுச்சு. பொண்ணுக்கு ராசி இல்லன்னு அப்டியே போய்ட்டாங்க. இன்னொரு வாட்டி அந்தப் பேரு வந்துச்சுன்னா எம்பொண்ணு தாங்கமாட்டா. பாத்து இட்டுகினு போங்க."

"நம்ம வண்டி அச்சு இத்தாலி அச்சுங்க, முறியாது" என்று சொல்லி அவரைச் சிரிக்கவைத்தேன். ஆனால் டயர் நான்கையும் இன்னொரு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். அதுவரை நான் ஏற்றிய சவாரி வேறு, அன்றைக்கு ஏற்றியது வேறு.

திரும்பி வரும்போது வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஆரணிக்குள் நுழைந்ததும் நேராகக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தால் ஒன்றும் இல்லை. அத்தையம்மா விடவில்லை. மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படி, பெண்ணை அழைத்து வந்ததும் நெசவாளர் தெருக்கோடியில் இருக்கும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வாசலில் இறக்க வேண்டுமாம்.

"அந்தத் தெருவுல காலைல பாவு விரிச்சிருப்பாங்கம்மா. பின்தெரு வழியா போயிடலாங்களா?" என்றேன்.

"கல்யாண நாள்ல சந்துல பூந்து போறதா? நேராப் போ."

"சரிங்கம்மா" என்றேன். மேலே சொன்னேனே, உத்தியோகம்.

தெருவுக்குள் பாதி தூரம் போனதுமே கண்ணில் பட்டுவிட்டது. எதிரே தெருவின் நடுவில், இடுப்பு உயரத்தில், பிள்ளையார் கோயில் வரைக்கும் ஒரு பாவு. கிளிப்பச்சைப் பட்டு. ஆரணியில் ஓட்டுகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நெய்வதற்கு முன்னால் நீள இழைகளைத் தெருவில் விரித்து, கஞ்சி தடவி, இளவெயிலில் காயவைப்பார்கள். பக்கத்தில் சைக்கிள் போகலாம், கார் போகாது. பாவுக்குச் சொந்தக்காரர் ஏகாம்பரம், கஞ்சிக் கையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்பா, அதைச் சுருட்டு. கல்யாண வண்டி வந்து நின்னுகினு கீது, தெரியல?" என்றார் அத்தையம்மா.

"இப்பதாம்மா கஞ்சி போட்டேன்" என்றார் ஏகாம்பரம். "ரெண்டு நாளா மழைல போட முடியாம கெடந்துச்சு. ஈரத்துல சுருட்டினா இழை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்மா. மூணு பொடவ பாவு. கொஞ்சம் காயட்டும், எடுத்துடறேன்."

"காயற வரைக்கும் ராகுகாலம் காத்துகினு இருக்குமா? இன்னைக்குத் திங்கக்கெழம, ஏழரைக்குள்ள தாலி ஏறணும்."

அப்போதுதான் மல்லிகா வாயைத் திறந்தாள். "சுருட்டச் சொல்லாதீங்க அத்த. ஈரப் பாவ சுருட்டினா அவ்ளோதான், அறுத்துத்தான் போடணும். எங்க வீட்ல ஒருவாட்டி ஆயிருக்கு. எங்கப்பா ரெண்டு நாள் சாப்பிடல."

நெசவுக்காரர் பெண் நெசவுக்காரருக்காகப் பேசினாள். கல்யாணத்தன்று, புகுந்த வீட்டு அத்தையை எதிர்த்து. இந்தப் பெண்ணுக்கு அந்த வீட்டில் என்ன பாடு காத்திருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே கையை ரிவர்ஸ் கியருக்குக் கொண்டுபோனேன்.

"டிரைவரு, கைய எடு."

எடுத்துவிட்டேன். அவர் குரல் அப்படி.

"பொண்ணு உக்காந்த வண்டி பின்னாடி போகக்கூடாது. நாளைக்கு வீட்ல ஒரு சொம்பு கீழ உருண்டாலும் இந்த வண்டியத்தான் சொல்லுவாங்க."

"நான் எறங்கிக்கறேன் அத்த. வண்டி பின்னாடி போனதும் ஏறிக்கறேன்" என்றாள் மல்லிகா.

"அம்மா வூட்டு வாசல்ல ஏறினவ மாமியா வூட்டு வாசல்லதான் எறங்கணும். நடுத்தெருவுல எறங்கினா அதுக்கு வேற பேரு வெப்பாங்க."

முன்னால் ஈரப் பாவு. பின்னால் போகக்கூடாது. வண்டியை முன்னும் பின்னும் ஒடித்துத் திருப்பலாம் என்றால் அதற்கும் ரிவர்ஸ் வேண்டும். இதற்குள் வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கண்ணாடியில் மல்லிகாவைப் பார்த்தேன். முந்தானை நுனியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். இரண்டாவது தடவையும் வண்டி நின்றுவிட்டது என்று அவள் நினைத்திருப்பாள். எனக்கும் அதே நினைப்புதான். அந்தப் பெண்ணை நினைத்துப் பாவமாக இருந்தது. பின்சீட்டு அம்மாளை நினைத்துப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்கள் தம்பிகளே. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று நான் அங்கே ஒரு கூட்டம் போட்டுப் பேசியிருக்கலாம். கைதட்டக்கூட ஆள் இருந்தது. காது கேட்காதவன் மாதிரி வண்டியைப் பின்னுக்கு எடுத்திருக்கலாம், ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். என் வேலை முடிந்திருக்கும். அந்தப் பெண்ணுக்கு அங்கேதான் ஆரம்பித்திருக்கும். பழி வண்டிக்கோ டிரைவருக்கோ வராது, அவளுக்குத்தான் வரும். அவசரத்தில் கை எந்தக் கியருக்குப் போகிறது என்பது முக்கியமில்லை. அந்தக் கியரால் யாருக்கு அடி விழும் என்று ஒரு மூச்சு விடும் நேரம் யோசிக்க வேண்டும். நான் அந்த ஒரு மூச்சு விட்டேன். வேப்பமரம் ஞாபகம் வந்தது.

இறங்கி ஏகாம்பரத்திடம் போனேன். "அண்ணே, எட்டு பேர் வேணும். வண்டியோட வாலத் தூக்கி அப்டியே திருப்பி வெச்சிடலாம். ரிவர்ஸும் இல்ல, பொண்ணு எறங்கவும் வேணாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காரையா?"

"பியட்டுண்ணே. எங்க ஸ்டாண்டுல விளையாட்டுக்கே தூக்குவாங்க."

ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் பம்பரைப் பார்த்ததும் தயங்கினார்கள். பயத்தினால் அல்ல. "பட்டு நெய்யற கைங்க. இரும்பு கீறி சொரசொரன்னு ஆயிடுச்சுன்னா இழை மாட்டிக்கும், ஒரு வாரம் தறில உக்கார முடியாது" என்றார் ஒருவர். நியாயமான பேச்சு. துண்டு தேடினால், விடியற்காலையில் பாதிப்பேர் வெறும் தோளோடு நிற்கிறார்கள்.

"அந்தக் கூடைய எடு" என்றார் அத்தையம்மா.

டிக்கியில் இருந்த துணிக்கூடை. மாப்பிள்ளை வீட்டு ஆண்களுக்கு மரியாதை செய்யப் பெண் வீட்டார் வைத்திருந்த புதுத் துண்டுகள். அவரே காரை விட்டு இறங்கினார். அவர் இறங்கியதுமே வண்டியின் வால் தானாக ஒரு அங்குலம் எழுந்தது. பாதி வேலை அதிலேயே முடிந்தது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கூடையைப் பிரித்து ஆளுக்கொரு துண்டாகத் தன் கையாலேயே கொடுத்தார். "கையில நல்லா சுத்திக்கங்கப்பா." எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. ஆனால் யோசிக்க நேரமில்லை.

பித்தளைச் சாமான், குத்துவிளக்கு, ஸ்டெப்னி எல்லாம் தெருவில் இறங்கின. அடுத்து மல்லிகா. அவளும் முன்பக்கம் போய்விட்டால் வால் இன்னும் லேசாகும். ஆனால் கால் தரையில் படக்கூடாதே. "சீட்டத் தாண்டி முன்னாடி வந்துடும்மா" என்றேன். பட்டுப்புடவையும் மாலையுமாக அந்தப் பெண் பெஞ்சு சீட்டின் முதுகை ஏறித் தாண்டினாள். நடுவில் கியர் இல்லாத வண்டி என்பதால் அப்படியே நகர்ந்து ஸ்டீரிங் முன்னால் வந்துவிட்டாள். அத்தையம்மா முந்தானையை விரித்துத் தெருக்காரர்கள் கண்ணை மறைத்தார்.

"இத நேராப் புடிச்சுக்கம்மா. அசையவிடாத. நானும் தூக்கப் போறேன்" என்று ஸ்டீரிங்கைக் காட்டினேன்.

"நானா?" என்றாள். அப்போதுதான் அவள் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பைப் பார்த்தேன்.

ஏகாம்பரம் குரல் கொடுத்தார். தூக்கினோம். வால் எழுந்தது. ஒரு முழம் நகர்த்தி வைத்தோம். மறுபடி தூக்கப் போகும்போது அத்தையம்மா கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க. இடமா சுத்தறீங்க. புள்ளையாரு எதுருல யாராவது இடமா சுத்துவாங்களா? வலமா சுத்துங்க."

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிள்ளையார் கோயில் பக்கம் பார்த்தேன். என்ன செய்ய, பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்து, மறுபக்கமாக ஆரம்பித்தோம். ஒரு தம், ஒரு முழம். ஒரு தம், ஒரு முழம். நாள் முழுக்கத் தறிக்குழியில் மிதிபலகை மிதிக்கிறவர்கள் தொடையில் என்ன பலம் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது. மல்லிகா ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வலமாகச் சுற்றி வந்தாள். வண்டியின் முகம் தெரு வாயிலைப் பார்த்ததும் வைத்தோம். அதன்பின் சாமானெல்லாம் ஏற்றி, மல்லிகா வந்த வழியே தாண்டிப் பின்னால் போக, பின்தெரு வழியாகச் சுற்றிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். ஏகாம்பரத்தின் பாவில் ஒரு இழை அறவில்லை.

கல்யாண வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் கூட்டம். "ஏன் இவ்ளோ நேரம்? வழியில இன்னா ஆச்சு?" என்று ஒரு குரல் தொடங்கியது. அத்தையம்மா வண்டியிலிருந்து கால் வைப்பதற்கு முன்பே ஊருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இன்னா ஆச்சா? எங்க மருமவ பல்லக்குல வந்தா, அதான் ஆச்சு. எட்டு ஆம்பளைங்க தூக்கி, புள்ளையார் எதுருல வலமா சுத்தி இட்டாந்தாங்க. இந்த ஊர்ல எவளாவது அப்டி வந்திருக்கீங்களா?"

அப்படி ஒருத்தரும் வந்ததில்லை. எனவே பேச்சை விட்டு ஆரத்தி சுற்றினார்கள். தாலி நேரத்துக்கு ஏறியது. அன்றிலிருந்து மல்லிகாவுக்கு அந்தத் தெருவில் பல்லக்குப் பொண்ணு என்றே பேர். நான் ஸ்டாண்டுக்கு வந்து, இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே, அந்த அம்மாளின் பெருமையைப் பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தேன். பல வருஷம் சிரிக்கவைத்தேன்.

எண்பதுகளில் ஸ்டாண்டில் புது வண்டிகள் நிறைய வந்துவிட்டன. என் பியட் இன்னும் ஓடியது. ஒருநாள் மல்லிகா ஆள் அனுப்பினாள். அத்தையம்மாவுக்கு வேலூரில் கண் ஆபரேஷன் முடிந்திருக்கிறது, அழைத்து வர வேண்டும், பியட்டே வேண்டுமாம். எதிர்ப்பக்கம் திறக்கும் கதவில்தான் அவருக்கு ஏற வருகிறதாம். முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு கண்ணில் பச்சைத் துணி. மல்லிகா பின்னால். ஒரு கண்ணை மூடினால் என்ன, வழி நெடுக மாடுகளை அறிமுகம் செய்வது மட்டும் குறையவில்லை.

ஊருக்குள் வந்ததும் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டுதல் என்றார். அதே தெரு. காலை வேளை. தெருவுக்குள் திரும்பினேன், எதிரே பாவு. இந்தத் தடவை ஊதா. ஏகாம்பரம் தலை நரைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கஞ்சிக் கையோடு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

நானும் விடுவேனா. "அத்தையம்மா, எட்டு பேரக் கூப்புடட்டுமா?" என்றேன்.

"போப்பா. ரிவர்ஸ் எடு."

"பின்னாடி போகலாங்களா?"

"எனுக்குப் போலாம். எனுக்குத்தான் கல்யாணத்தன்னைக்கே எடுத்தாச்சே."

நான் இஞ்சினை அணைத்தேன். அவர் எதிரே இருந்த பாவைப் பார்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"ஆத்துல தண்ணி வந்துடுச்சு. கரைமேல ஒத்த வண்டித் தடம், வண்டிய திருப்ப எடமில்ல. மாட்ட அவுத்துட்டு, என்ன உள்ள வெச்சே வண்டிய பின்னாடி தள்ளினாங்க. ஊரே பாத்துச்சு. அப்புறம் இன்னா, மாடு செத்தாலும் என்னாலதான், மழ பெய்லன்னாலும் என்னாலதான். 'பின்னாடி வந்தவ'ன்னுதான் எங்க மாமியா கூப்புடுவாங்க. சாவற வரைக்கும் எம்பேரச் சொல்லி ஒரு வாட்டி கூப்புட்டதில்ல."

மல்லிகா பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து வந்தாள். "எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லயே அத்த" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"சொல்லி இன்னாடி ஆவப்போவுது. உனுக்கு அந்தப் பேரு வரல இல்ல?"

நான் அந்த அம்மாளைக் கண்ணாடியில் பார்த்து முடிவு கட்டியவன். அந்தப் பெண்ணை நான் காப்பாற்றியதாகத்தான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். கூடையைப் பிரித்தது யார், முந்தானையை விரித்தது யார், வாசலில் முதல் வார்த்தையை யார் பிடித்துக்கொண்டார் என்று அப்போதுதான் வரிசையாக ஞாபகம் வந்தது. பின்சீட்டைப் பற்றி எல்லாம் தெரியும் என்று எந்த டிரைவரும் நினைக்க வேண்டாம்.

"ரிவர்ஸ் எடுப்பா, வெயில் ஏறுது" என்றார்.

நான் எடுக்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினேன். மல்லிகா எனக்கு முன்னால் இறங்கி டிக்கியில் இருந்த ஆஸ்பத்திரி மூட்டையை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தாள். ஏகாம்பரத்திடம் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசல் வாசலாகக் குரல் கொடுத்தார். பழைய ஆட்கள் சிலர், அவர்கள் பிள்ளைகள் சிலர், துண்டைக் கையில் சுற்றிக்கொண்டே வந்தார்கள்.

"இன்னாடா பண்றீங்க? கெழவிய வெச்சுகினு வெளையாடறீங்களா? எடுங்கடா கைய" என்று சத்தம் போட்டார் அத்தையம்மா. நான் அவரை என் இடத்துக்கு நகரவைத்து, சன்னல் வழியாக அவர் கையைப் பிடித்து ஸ்டீரிங்கில் வைத்தேன். "நேராப் புடிச்சுக்கங்க அத்தையம்மா. அசையவிடாதீங்க."

திட்டிக்கொண்டேதான் பிடித்தார். தூக்கினோம். வால் எழுந்தது. முதல் முழம் நகர்ந்ததும் திட்டு நின்றுவிட்டது. இரண்டு கையாலும் ஸ்டீரிங்கை இறுக்கிக்கொண்டார். துணி கட்டாத கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, துடைக்கக் கையை எடுக்கவில்லை.

"வலமாத்தான சுத்தறீங்க?" என்று கேட்டார்.

"வலமாத்தான் அத்தையம்மா" என்றோம்.